புனலில் வைத்த பொட்டு

வெள்ளிக்கிழமை காலையில் பால் திரிந்துவிட்டால் என் மாமியார் பாத்திரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இன்னிக்கு நாள் விளங்கின மாதிரிதான்" என்பார். "நல்லாவே விளங்கும் அத்தை. நாங்க தினம் டேங்கர் டேங்கரா திரிய வெக்கிறோம், அதுலதான் இந்த வீட்டுக்கு அரிசி வருது" என்று நான் பதில் சொல்வேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். கோபம் அதைவிட அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே சொல்லப்போவது அந்த இரண்டும் சேர்ந்து செய்த வேலை.

வீடு ஸ்ரீரங்கம். வேலை, ஊரைத் தாண்டி மணப்பாறை போகிற ரோட்டில் இருக்கும் ஒரு சின்ன பால் கம்பெனியில். அங்கே லேப் என் பொறுப்பு. முதலாளி மாட்டு வியாபாரக் குடும்பம்; மணப்பாறைச் சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்த்து வளர்ந்தவர். பீட்ஸாவைப் பிய்த்தால் நூல் நூலாக இழுபடுமே, அந்த சீஸ்தான் எங்கள் சரக்கு. பத்துக் குடம் பாலைத் திரிய வைத்தால் ஒரு குடம் சீஸ் வரும். மிச்சம் இளம்பச்சையாக ஒரு தண்ணீர். வேலை செய்கிறவர்கள் அதற்கு வைத்த பெயர் சீஸ் தண்ணி. கொஞ்சத்தை மாட்டுக்காரர்கள் கேனில் பிடித்துப் போவார்கள். மீதியைப் பின்னால் இருந்த தொட்டியில் விட்டுவிடுவோம். வெயில் நாளில் அந்தத் தொட்டிப் பக்கம் மூக்கைப் பொத்தாமல் போக முடியாது. பக்கத்துத் தோட்டக்காரர் எங்களைத் திட்டாத நாள் கிடையாது.

அப்போது என் மகன் தில்லை நகரில் ஒரு ஜிம்முக்குப் போக ஆரம்பித்திருந்தான். வந்ததும் பெரிய வெளிநாட்டு டப்பாவிலிருந்து ஒரு பொடியை எடுத்துக் கரைத்துக் குடிப்பான். ஒரு நாள் டப்பாவைத் திருப்பி என்னதான் இருக்கிறது என்று படித்தேன். எனக்கு வயிறு எரிந்துபோயிற்று. எங்கோ ஒரு நாட்டில் சீஸ் செய்த மிச்சத் தண்ணீரை வடிகட்டி, அதிலிருக்கும் புரதத்தை மட்டும் பிரித்துக் காயவைத்து, டப்பாவில் அடைத்து, என் பிள்ளைக்கே விற்கிறார்கள். "அடப்பாவி, இதைத்தானேடா நாங்க தொட்டியில விடறோம்!" என்றேன். அவன் மீசையில் ஒட்டியிருந்த நுரையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நீங்களே செய்ங்க, எனக்கு ஃப்ரீயா கெடைக்கும்" என்றான்.

மறுநாள் அந்த டப்பாவை எடுத்துப்போய் முதலாளியின் மேஜைமேல் வைத்தேன். "இத்தனை மாடு இருக்கிற நாடு சார் இது. நாம வெளியிலேர்ந்து வாங்கிட்டு இருக்கோம். நாம ஏன் அனுப்பக் கூடாது?" என்று கேட்டேன். அவர் டப்பாவைத் திருப்பிக் கொடுக்காமல் இழுப்பறையில் போட்டுக்கொண்டார். ஒரு வாரம் கழித்து, "விசாரிக்கிறேன் மேடம்" என்றார். ஒரு வருஷத்தில் தொட்டி இருந்த இடத்தில் வடிகட்டும் மெஷினும், இரண்டு மாடி உயரத்துக்கு டிரையரும் வந்து நின்றன. வடிகட்டிக் கெட்டியாக்கின சீஸ் தண்ணியை மேலிருந்து புகை மாதிரி பீய்ச்சுவார்கள். உள்ளே சுழலும் சூட்டுக் காற்றில் அது காய்ந்து, கீழே வெள்ளைப் பொடியாக விழும். சூடு கூடிப்போனால் பொடி கருகும். ஒரு சிட்டிகை கருகினாலும் வெளிநாட்டுக்காரன் வாங்க மாட்டான்.

அதை ஓட்டத் தெரிந்த ஆள் எங்கள் பக்கம் யாரும் இல்லை. தேடித் தேடிக் கடைசியில் பாலக்கரையிலிருந்து ஒருவர் வந்தார். பதினான்கு வருஷம் சவுதியில் ஒரு பெரிய பால் கம்பெனியில் டிரையர் ஓட்டியவர். எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேச மாட்டார். மெஷினில் காதை வைத்துக் கேட்டே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். வந்த இரண்டாம் மாதம் ஒரு டீ நேரத்தில்தான் தன் கதையைச் சொன்னார். அவருக்கு ஒரே மகள், பத்து வயது. அவள் பிறந்ததிலிருந்து லீவு லீவாகக் கூட்டினால் அவர் அவளோடு இருந்தது ஒன்றரை வருஷம்கூடத் தேறாதாம்.

"இந்தத் தடவை நான் வந்தப்ப அவங்க அம்மாகிட்ட என்ன கேட்டுச்சு தெரியுமா மேடம்? 'அவங்க எப்ப திரும்பிப் போவாங்க?'ன்னு கேட்டுச்சு. எங்கள்ல அப்பாவை 'அத்தா'ம்போம், அது அதுக்கு வாயில வரலை. இப்பதான் ஒரு மாசமா 'அத்தா'ங்குது."

சொல்லிவிட்டு டீ கிளாஸைக் கழுவப் போய்விட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேபுக்குள் போனேன். மூக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டு திரிகிறவளுக்கு அழுகையும் பக்கத்திலேயேதான் இருக்கும்.

மலேசியாவில் சத்துமாவு செய்யும் கம்பெனி ஒன்று எங்களிடம் முதல் சாம்பிள் கேட்டது. அது தேறினால் மாதாமாதம் ஒரு கண்டெய்னர். தேறவில்லை என்றால் டிரையரை மூடிவிட்டு சீஸோடு நிறுத்திக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். அதே வாரம் பாய்க்குப் பழைய கம்பெனியிலிருந்து விசா வந்தது. சனிக்கிழமைக்குள் பாஸ்போர்ட்டை ஏஜென்டிடம் கொடுக்க வேண்டும். சாம்பிள் ஓட்ட வேண்டிய நாள் வியாழக்கிழமை.

"பொடி நல்லா விழுந்துச்சுன்னா இருந்துடுவேன் மேடம். இல்லேன்னா மறுபடி ஃப்ளைட் ஏற வேண்டியதுதான். வேற தொழில் எனக்குத் தெரியாது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேட்ட எனக்குத்தான் அந்த வாரம் முழுக்கத் தூக்கம் சரியில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நம் ஆட்களுக்குப் புது மெஷின் என்றால் கை சும்மா இருக்காது. சந்தனம், குங்குமம் என்று வைத்துத் தள்ளிவிடுவார்கள். வெள்ளோட்டம் விட்ட நாளில் பை நிரப்பும் வாயிலேயே ஒரு ரூபாய் அகலத்துக்குப் பொட்டு வைத்திருந்தார்கள். நான் பார்த்துவிட்டு ஆடின ஆட்டத்தில் பிளான்ட்டே அதிர்ந்தது. "சாமி கும்பிடணும்னா சுவத்துல கும்பிடுங்க. பொடி தொடற எடத்துல ஒரு பொட்டு பார்த்தேன், வெச்ச ஆள் எல்லாருக்கும் மணப்பாறை முறுக்கு வாங்கித் தரணும். நோட்டீஸ் போர்டுல ஒட்டறேன்!" என்றேன். ஒட்டியும் விட்டேன். அன்றிலிருந்து பொட்டெல்லாம் வாசல் கதவோடு நின்றுவிட்டது.

வியாழக்கிழமை விடிந்ததும் தாயார் சன்னதிக்குப் போனேன். எனக்காக எதுவும் கேட்கவில்லை. "அந்தப் பொண்ணுகிட்டேர்ந்து அவ அப்பாவைத் திருப்பி அனுப்பிடாதே தாயே, ஒரு பதினாலு வருஷம் போதும்" என்று மட்டும் சொன்னேன். வாங்கிய குங்குமத்தைக் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மஞ்சளில் செய்த அசல் குங்குமம். கைப்பை முழுக்க மணம்.

லேபுக்குள் வந்தேன். அங்கே ஒரு ஸ்டீல் புனல் உண்டு. பொடியைத் தண்ணீரில் கரைத்து அந்தப் புனல் வழியாக ஒரு வட்டப் பஞ்சில் வடிகட்டிப் பார்ப்போம். கருகல் இருந்தால் பஞ்சில் பழுப்புப் புள்ளியாக நிற்கும். பாயின் தலையெழுத்து அன்றைக்கு அந்தப் பஞ்சில்தான் இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றவள், குங்குமத்தில் விரலைத் தொட்டு, புனல் விளிம்புக்குக் கீழே யாருக்கும் தெரியாத இடத்தில் கடுகளவு ஒரு பொட்டு வைத்தேன். லேப் பிளான்ட் ஆகுமா? ஆகாது. என் ரூல் பிளான்ட்டுக்குத்தானே! அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வைத்த அடுத்த நிமிஷம் முதலாளி கூப்பிட்டார், ஓடினேன், அதோடு அதை மறந்தும் போனேன்.

டிரையர் அன்றைக்கு அழகாக ஓடியது. பகல் பதினொன்றுக்கு முதல் பொடி விழுந்தது. கையில் எடுத்தால் முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி. பாய் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் சாம்பிளை வாங்கிக்கொண்டு லேபுக்கு வந்து கரைத்து, புனலைக் கழுவி, பஞ்சைப் பொருத்தி ஊற்றினேன். பஞ்சை எடுத்துக் காயவைத்தேன். ஓரமாக மூன்று புள்ளிகள். மஞ்சள் கலந்த பழுப்பு. கருகல் எப்படி இருக்கும் என்று படம் போட்ட அட்டையோடு வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, கருகல்தான். இன்னொரு தடவை செய்தேன். இரண்டு புள்ளிகள்.

அந்த வாரம் முழுக்கப் பட்ட பயம் எல்லாம் சேர்ந்து கோபமாக மாறிவிட்டது. பஞ்சைப் பிடித்துக்கொண்டு நேரே டிரையருக்குக் கீழே போய் எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"என்ன பாய் இது? சூட்டைப் பார்த்து வைங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே!"

"நான் ஏத்தலை மேடம். சூடு பதிவான மீட்டர் காகிதம் இருக்கு, பாருங்க."

"காகிதத்தை நான் என்ன பண்றது? பஞ்சுல கருகல் நிக்கிது! பதினாலு வருஷம் அங்க என்னதான் பண்ணிட்டு இருந்தீங்க? ஒட்டகம் மேய்ச்சீங்களா?"

சொல்லி முடிப்பதற்குள்ளேயே, சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது. மூட்டை தைக்கிற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாய் என்னைப் பார்த்தார். தலையில் போட்டிருந்த வலைத் தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். முதலாளி வந்து பஞ்சைப் பார்த்தார். அவரும் கத்தவில்லை. "சரி, விடுங்க. சாம்பிள் போக வேணாம். மெஷினை நிறுத்திக் கழுவிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

"சார், நாளைக்கு ஷிப்டுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் பர்மிஷன் வேணும். ஏஜென்டைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று பாய் கேட்டது என் காதில் விழுந்தது.

சாயங்காலம் எல்லாரும் கிளம்பிய பிறகு லேபில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பால் பிசுக்குப் போக சலவை சோடாக் கரைசல் வைத்திருப்போம். அதைப் புனல்மேல் ஊற்றினேன். கழுவும் தொட்டியில் கிடந்த இரண்டாவது பஞ்சின்மேலும் அது வழிந்தது. பழுப்பாக இருந்த புள்ளிகள் என் கண் முன்னாலேயே சிவந்தன.

கருகின பால் எந்தக் காலத்திலும் சிவக்காது. எது சிவக்கும் என்று கேட்டால், ஆரத்தி கரைக்கத் தெரிந்த எந்தப் பெண்ணும் சொல்லிவிடுவாள். மஞ்சள் தண்ணீரில் ஒரு துளி சுண்ணாம்பு விழுந்தால் ரத்தச் சிவப்பாகுமே, அதுதான் சோடாவிலும் ஆகும். புனலைத் தலைகீழாகத் திருப்பினேன். விளிம்புக்குக் கீழே நான் வைத்த பொட்டு பாதி காணோம்.

அடி பாதகி என்று தலையில் அடித்துக்கொண்டேன். காலையில் கழுவினபோது பொட்டு நனைந்து பஞ்சு வரைக்கும் இறங்கியிருக்கிறது. லேசான புளிப்புள்ள பொடிக் கரைசலில் பட்டதும் சிவப்பு போய் மஞ்சள் பழுப்பாகியிருக்கிறது. அந்த மனுஷனுக்காக வேண்டிக்கொண்டு வைத்த பொட்டை வைத்துக்கொண்டே அந்த மனுஷனை அத்தனை பேர் நடுவில் அறுத்துப் போட்டிருக்கிறேன். புனலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, மறுபடி பொடியைக் கரைத்து ஊற்றினேன். பஞ்சு இட்லித் துணி மாதிரி வெள்ளை வெளேரென்று வந்தது. மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் அப்படியே.

முதலாளிக்கு அப்போதே போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் யாருக்கு எதை முதலில் சொல்ல வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. பாய்க்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. பழுப்புப் பஞ்சு, சிவந்த பஞ்சு, வெள்ளைப் பஞ்சு எல்லாவற்றையும் பட்டர் பேப்பரில் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். வழியெல்லாம் டிராஃபிக்கையும் என்னையும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டே பாலக்கரை போய்ச் சேர்ந்தேன்.

பாயின் மனைவி கதவைத் திறந்தார். "வாங்க மேடம், தொழுகைக்குப் போயிருக்காங்க, இப்ப வந்துடுவாங்க" என்றார். கூடத்தின் நடுவில் ஒரு பெரிய நீலப் பெட்டி. அதன்மேல் பள்ளிக்கூட யூனிபார்மோடு ஒரு பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஸ்கூல் விட்டு வந்து பெட்டியைப் பார்த்ததுலேர்ந்து எறங்க மாட்டேங்குறா. துணி எடுத்து வைக்க விடமாட்டாளாம்" என்றார் அவள் அம்மா.

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பெட்டியின் கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பெட்டியை எடுத்துப்போக வந்தவள் என்று நினைத்தாளோ என்னவோ.

பாய் வந்தார். வாசலில் என் செருப்பைப் பார்த்தே யாரென்று தெரிந்திருக்க வேண்டும், முகம் இறுகியிருந்தது. நான் உட்காரக்கூட இல்லை. நின்ற இடத்திலேயே பட்டர் பேப்பரைப் பிரித்து எல்லாவற்றையும் சொன்னேன். சன்னதி, குங்குமம், புனல், சோடா, ஆரத்தி. "பொடியில ஒரு குத்தமும் இல்லை பாய். குத்தம் என் விரல்ல. அந்த ஒட்டகப் பேச்சுக்கு எந்த மூஞ்சியோட மன்னிப்புக் கேக்கறதுன்னு தெரியலை" என்றேன். அழுதுவிட்டேன் என்பதையும் மறைப்பானேன்.

அவர் வெள்ளைப் பஞ்சை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"எனக்காகவா வெச்சீங்க?"

"உங்களுக்காகக்கூட இல்லை. அதோ உக்காந்திருக்காளே, அவளுக்காக."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார். "அடுத்த தடவை துஆ மட்டும் கேளுங்க மேடம், வேண்டுதல் மட்டும். பொட்டு வேணாம். உங்க துஆவே போதும், அதுக்கே பவர் ஜாஸ்தியா இருக்கு!" என்றார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய் டீ போட்டார். ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்த மகள், "அத்தா, அப்ப நான் எறங்கலாமா?" என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் உக்காரும்மா" என்றார் பாய். "நாளைக்கு சார் என்ன சொல்றாங்கன்னு பாப்போம்."

மறுநாள் காலை, முந்தின நாள் கத்திய அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் நின்று உரக்கவே சொன்னேன். கத்தினது ஊருக்கே கேட்டது, மன்னிப்பு மட்டும் எப்படிக் காதோடு போகும்? மூட்டை தைக்கும் அம்மா ஒருவர், "அப்ப அந்த முறுக்கு ரூல் மேடம்?" என்று கேட்டதும் எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். முதலாளி மூன்று பஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சாம்பிளைக் கட்டச் சொன்னார். பிறகு பாயைத் தனியாகக் கூப்பிடாமல் அங்கேயே கேட்டார். "பதில் வர மூணு வாரம் ஆகும். உங்க விசா நாளைக்கோட போயிடும். என்ன பண்ணப் போறீங்க?"

"நம்ம பொடியை நான் நாக்குல வெச்சுப் பாத்துட்டேன் சார். எனக்குப் பதில் வந்துடுச்சு" என்றார் பாய். அன்றும் மறுநாளும் அவர் ஏஜென்டிடம் போகவில்லை.

அந்த மூன்று வாரமும் எனக்கு எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். தாயாரிடம் தினமும் போனேன். குங்குமத்தை நெற்றியோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை முதலாளி லேப் கதவைத் தட்டாமல் திறந்து, "ஒத்துக்கிட்டாங்க!" என்றார். நான் கையிலிருந்த பீக்கரைக் கீழே போட்டு உடைத்தேன். பாய் மட்டும் டிரையரில் காதை வைத்தபடி, "கொஞ்சம் சத்தம் மாறுது, கிரீஸ் வைக்கணும்" என்றார். ஆனால் கிரீஸ் டப்பாவைத் தேடும் சாக்கில் பின்பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

முதல் கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பிய அன்று நான் இரண்டு கூடை மணப்பாறை முறுக்கு வாங்கி வைத்தேன். லாரி கேட்டருகே நின்றது. ஆட்கள் சந்தனத்தையும் குங்குமத்தையும் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். "லாரிக்குத் தாராளமா வைங்க. சக்கரம் வரைக்கும் வைங்க" என்றேன். தட்டைப் பிடித்துக்கொண்டது பாய்தான். எலுமிச்சம்பழம் நசுங்கி, லாரி ரோட்டில் ஏறித் திரும்பி மறையும்வரை யாரும் நகரவில்லை.

பாயின் போன் அடித்தது. ஒரு கையில் தட்டு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"அத்தா, லாரி கெளம்பிடுச்சா?"

"கெளம்பிடுச்சும்மா. மலேசியா போகுது."

"நீங்க அதுல ஏறலையே?"

பாய் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு போனை வாயருகே கொண்டுபோனார். "இல்லம்மா. அஞ்சரைக்கு வீட்டுக்கு வந்துடுவேன்" என்றார்.

"சரி, வரும்போது முறுக்கு எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.